கேம்பாய் கேசட்டில் விளையாட்டு ஏற்றி விற்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடமுள்ள ஆறு அசல் கேம்பாய் (கையடக்க வீடியோ கேம் கருவி) கேசட்டுகளை நகலெடுத்து, ஃபிளாஷ் கேசட்டில் (நாமே விளையாட்டுகளை ஏற்றிக்கொள்ளும் கேசட்) ஏற்றி விளையாடுகிறேன். நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஏற்றித் தந்தால் பணம் தருவதாகப் பொள்ளாச்சி வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். எல்லாமே பழையவை, கடைகளில் கிடைக்காதவை. மாநில எல்லையான கோபாலபுரம் தாண்டி விற்றால் சிக்கல் வருமா?

பதில்: வெற்று ஃபிளாஷ் கேசட்டை வைத்திருப்பதே குற்றம் என்று பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்லவில்லை. ஜப்பானில் ஆர்4 அட்டை (நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கான ஃபிளாஷ் கேசட்) விற்பனைக்கு 2009இல் நீதிமன்றம் தடை விதித்தது உண்மைதான். அது அந்த நாட்டுச் சட்டம்.

உங்கள் ஆறு கேசட்டுகளுக்குப் பிரிவு 52(1)(ஏஏ) துணை நிற்கும். முறைப்படி வைத்திருக்கும் பிரதியிலிருந்து, அது சேதமானால் உதவட்டும் என்று காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம். நகல் உங்கள் கேசட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். அதே விளையாட்டை இணையத்தில் இறக்கிவிட்டு இந்தப் பிரிவைக் காட்டித் தப்புவது கடினம். அசலை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வதும் அப்படியே. சந்தையில் கிடைக்கும் ‘9999 இன் 1’ கேசட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றின் மூலமே திருட்டு.

பழையது என்பதால் உரிமை போய்விடாது. கேம்பாய் வந்ததே 1989இல். நம் சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்கு எப்படிப் பார்த்தாலும் முடியவில்லை. இணையத்தில் இறக்கிய விளையாட்டை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் தப்பில்லை என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை.

எனக்குக் கவலை உங்கள் வியாபார யோசனைதான். பிரிவு 63இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடத்தகாத குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திருட்டு நகல் என்று தெரிந்தே வீட்டில் விளையாடுபவரிடம்கூட நீதிமன்றம் இரக்கம் காட்டலாம்: பிரிவு 63பியின்படி சிறையைத் தவிர்த்து ரூ.50,000 வரை அபராதத்தோடு விடலாம். லாபத்துக்காகச் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எல்லை தாண்டுவதால் இந்தச் சட்டம் மாறாது, இது மத்தியச் சட்டம். மாறுவது மாநிலச் சட்டம். தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் சொல்லும் வீடியோ திருட்டு சினிமாவைப் பற்றியது. கேரளத்தின் காப்பா (சமூக விரோதச் செயல்கள் தடுப்பு) சட்டமோ, 2007இலேயே டிஜிட்டல் தரவு, பதிப்புரிமைத் திருடர்களைக் குண்டர் பட்டியலில் சேர்த்துவிட்டது. கோபாலபுரத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கடை இருக்கும் பக்கம்தான் கடுமையானது.

பழுது பாருங்கள், பேட்டரி மாற்றிக் கொடுங்கள், கூலி வாங்குங்கள். விளையாட்டு ஏற்றித் தருவதற்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். இலவசமாகவும் ஏற்றித் தராதீர்கள். ஏற்கெனவே யாருக்காவது ஏற்றிக் கொடுத்திருந்தால், போலீஸ் வரும்வரை காத்திராமல் சித்தூரிலோ பாலக்காட்டிலோ ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.