பிரஷர் மாத்திரை கெட்ட கனவுக்கா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பினாங்கு பிறையிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். போன வருடக் கடைசியில் ஈப்போ பக்கம் ஹைவேயில் ஒரு விபத்து. மோட்டாரில் வந்த பையன் இவர் கண்ணெதிரே இறந்துபோனான். தப்பு இவர்மேல் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து வாரத்தில் நாலைந்து ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறார். ஒருமுறை எழுப்பப் போய் என் கையில் நன்றாக அடிபட்டுவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த அல்பிரஸோலாம் தூக்க மாத்திரையை நாலு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது அதற்கும் தூக்கம் வருவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல டாக்டர் பிரஸோசின் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பார்மசியில் கேட்டால் அது பிரஷர் மாத்திரையாம். இவருக்குப் பிரஷரே கிடையாது! இவரோ "லாரி ஓட்டுகிறவனுக்கு எதற்குப் பைத்தியக்கார மருந்து" என்று தொடவே மாட்டேன் என்கிறார். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்கிறார். நான் என்ன செய்ய?
- வாசகி, பிறை

பதில்: சகோதரி, டாக்டர் மாற்றி எழுதிவிடவில்லை. பிரஸோசின் 1970களில் இரத்த அழுத்தத்துக்காக வந்த பழைய மருந்து. பிரஷருக்கு இன்று அதைவிட நல்ல மருந்துகள் இருப்பதால் அந்த வேலையில் அதன் மவுசு குறைந்துவிட்டது. அதிர்ச்சிக்குப் பிறகு வரும் கெட்ட கனவுக்கு மட்டும் மனநல டாக்டர்கள் அதை இன்னும் எழுதுகிறார்கள்.

காரணம் இதுதான். ஆபத்து வரும்போது உடம்பில் நோர்அட்ரினலின் என்ற சுரப்பு ஏறும். நெஞ்சு படபடக்கும், கண் விரியும், கை கால் தயாராகும். விபத்து நேரத்தில் அது தேவைதான். சிலருக்கு அது அப்புறமும் அடங்குவதில்லை. திருடன் ஓடிப்போய் வெகுநேரம் ஆகியும் குரைத்துக்கொண்டே இருக்கிற நாய் மாதிரி, தூங்கும்போதும் மூளை காவல் காக்கிறது. பிரஸோசின் மூளைக்குள்ளும் போய், அந்தச் சுரப்பு வேலை செய்யும் ஒரு வாசலை அடைக்கிறது. இரத்தக் குழாய்களிலும் அதே வாசல் இருப்பதால்தான் பிரஷரும் இறங்குகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மருந்து என்று நினைத்து முதல் நாளே ஏமாறாதீர்கள். கனவின் வேகம் தணிந்தால் தூக்கம் தானாக நீளும்.

எல்லாருக்கும் பலிக்குமா என்றால், இல்லை. அமெரிக்காவில் சியாட்டல் நகரத்து டாக்டர் மர்ரே ராஸ்கிண்ட் குழுவினர் 2003இல் வியட்நாம் போருக்குப் போய்வந்த 10 பேரிடம் சோதித்தபோது பலன் நன்றாகவே தெரிந்தது. அதே டாக்டர் 304 முன்னாள் இராணுவத்தினரிடம் பெரிதாக நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அதில் வெறும் போலி மாத்திரையைவிடப் பிரஸோசின் மேலாக இல்லை. இருந்தும் டாக்டர்கள் அதைக் கைவிடவில்லை, ஏனென்றால் பலன் தெரிகிறவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது, பெரிய செலவும் இல்லை. என்னைக் கேட்டால் சில வாரம் முறையாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். பலன் இல்லையென்றால் டாக்டரே மாற்றுவார்.

முதல் மாத்திரையில்தான் கவனம் வேண்டும். வழக்கமாக 1 மில்லிகிராமில் தொடங்கி, பிரஷரைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முதல் நாளும், அளவு கூட்டும் நாட்களிலும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுந்துவிடலாம். படுக்கையில் உட்கார்ந்த பிறகே மாத்திரை. நடுராத்திரி ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் காலைத் தொங்கப்போட்டுச் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கட்டும். அந்த நாட்களில் விடியற்காலை லாரி எடுக்கவே கூடாது. டாக்டரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேளுங்கள், கொடுப்பார். சில நாள் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும், முதல் நாள் ஆபத்து மறுபடி வரும்.

அடுத்ததைக் கூச்சமில்லாமல் படியுங்கள். கடைகளிலும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் ஆண்களுக்கான "தெம்புக் கோப்பி" பாக்கெட்டுகள் விற்கிறார்களே, அவற்றில் சிலவற்றில் வயாகரா வகை மருந்தை மறைத்துக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பிரஸோசினோடு அது சேர்ந்தால் பிரஷர் படுமோசமாக இறங்கும். லாரிக்காரர்கள் நடுவே "கெத்தும்" என்ற போதை இலையைக் காய்ச்சிய தண்ணீர் குடிக்கிற பழக்கமும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் நல்லது. இருந்தால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தூங்குவதற்காகப் பீர் குடிக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், ஆனால் பின்ராத்திரியில் தூக்கம் கலைந்து கனவு இன்னும் முற்றும்.

உண்மையில் எனக்குப் பயம் பிரஸோசினைப் பற்றி இல்லை, அந்த அல்பிரஸோலாமைப் பற்றித்தான். அந்த வகை மாத்திரை விபத்து அதிர்ச்சியைக் குணமாக்குவதில்லை. உடம்பு பழகிக்கொண்டு மேலும் மேலும் கேட்கும், பகலில் ஸ்டியரிங் பிடிக்கும்போதும் மந்தமாக வைக்கும். ஆனால் கோபத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நாலு மாதம் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். கிளினிக் மாத்திரை விவரம் ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியுமா? பலர் சொல்வதில்லை. பாக்கெட்டோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பைத்தியக்கார மருந்து என்கிறாரே, அவரிடம் பார்மசிக்காரர் சொன்னதையே சொல்லிப் பாருங்கள்: இது பிரஷர் மாத்திரைதான். அதற்காக அடிமையாகிவிடவும் மாட்டார். ஆனால் நிறுத்தினால் சிலருக்குக் கனவு திரும்பி வருவதுண்டு. அதனால்தான் மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் கேளுங்கள் என்கிறேன். அதில் ஒரு முறை, கெட்ட கனவின் முடிவைப் பகலில் விழித்திருக்கும்போதே வேறுவிதமாக மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். கெட்ட கனவுக்கு நிபுணர்கள் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறப்பு டாக்டரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட்தான்.

மாமியாரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். கயிறு கட்டட்டும், மாத்திரைக்கும் கயிற்றுக்கும் பகை இல்லை. பொடி, லேகியம் என்று உள்ளே கொடுக்க எதையாவது கொண்டுவந்தால் மட்டும் தடுத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

அவர் அலறும்போது இனி தொட்டு எழுப்ப வேண்டாம். அவர் அடிப்பது உங்களை இல்லை என்றாலும் அடி உங்கள் கையில்தான் விழுகிறது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, விளக்கைப் போட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "வீட்டில்தான் இருக்கீங்க" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் தனிப் பாயில் படுப்பதில் தப்பே இல்லை.

அடுத்த தவணைக்கு நீங்களும் கூடப் போங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, கனவில் உதைக்கிறாரா என்பதெல்லாம் அவருக்கே தெரியாது, பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். குறட்டை நோய் தனியாக இருந்தால் அதற்குச் சிகிச்சை வேறு. அதற்குள் அவர் "இனி இருந்து என்ன" என்கிற மாதிரி பேசத் தொடங்கினால் தவணைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555 எண்ணைக் கூப்பிடலாம். அவருக்காக மட்டும் என்று இல்லை, நீங்களும் எத்தனை மாதமாகத் தூங்காமல் இருக்கிறீர்கள்!