கூட்டம் நடந்தது சரி, கேட்டது கிடைத்ததா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் பற்றிய மதிப்பீட்டில் 'சமூக உரையாடல் மேம்பட்டது', அதாவது நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்வது மேம்பட்டது என்று எழுத, கூட்ட வருகைப் பதிவேடு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கூட்டம் நடந்ததற்குத்தான் அது சான்று. தொழிலாளர்கள் கேட்டது என்ன ஆயிற்று என்று தேடுங்கள்.

பெரும்பாலும் கோளாறு திட்ட ஆவணத்திலேயே இருக்கும். அளவுகோலாக 'எத்தனை கூட்டம், எத்தனை பேருக்குப் பயிற்சி' என்று மட்டும் போட்டிருப்பார்கள். எண்ணச் சுலபம், அவ்வளவுதான்.

கூட்டக் குறிப்பேடுகளைத் தேதி வரிசையில் வைத்து, தொழிலாளர் தரப்பு எழுப்பிய ஒரே ஒரு கோரிக்கையைப் பின்தொடருங்கள். உதாரணமாக, ஓவர்டைம் முடிந்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வீடு திரும்பும் பெண்களுக்கு ஒரு வேன். 'பரிசீலிக்கப்படும்' என்று வருகிறது, அடுத்த கூட்டத்திலும் அதே வரி, அப்புறம் பேச்சையே காணோமா? இல்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகி வேன் ஓடுகிறதா? அந்தப் பெண்களிடமே கேளுங்கள், ஆலைக்கு வெளியே வைத்து. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம்: கூலி உயர்வைத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஆடைத் துறைக் கூலி, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்காரும் அத்துறையின் தேசியப் பேரம்பேசும் கவுன்சிலில் முடிவாகிறது. போதாக்குறைக்கு 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்ட் என்று தேசியக் குறைந்தபட்சக் கூலியும் அமலுக்கு வந்தது. திட்டம் வராவிட்டாலும் ஏறியிருக்கக்கூடிய கூலி அது.