தோஷிமா தீவின் சுபாகி எண்ணெய்: கேள்வி பதில்

மூன்று குளிர்காலமாக ஜப்பானின் தோஷிமாவுக்குப் போய், எண்ணெய்க்காகச் சுபாகி மர விதை பொறுக்கும் வேலையில் கூடமாட ஒத்தாசை செய்து வருகிறேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: டோக்கியோ நகருக்குள்ளேயே தோஷிமா என்று ஒரு வட்டாரம் இருக்கிறதே, அதுவா?

இல்லை. இது கடலுக்குள், நகரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தீவு. நிர்வாகம் மட்டும் டோக்கியோவைச் சேர்ந்தது. பரப்பு 4 சதுர கிலோமீட்டர்தான், மக்கள் 300 பேர் அளவில். நடுவில் 508 மீட்டர் உயர மியாசுகா மலை. அதன் சரிவெல்லாம் சுபாகி, அதாவது காமெலியா மரங்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் மரங்கள் என்கிறார்கள். காற்றைத் தடுப்பதும் அவைதான், வருமானம் தருவதும் அவைதான்.

கேள்வி: அக்கா, காயை மரத்திலிருந்து பறிப்பார்களா, உலுக்குவார்களா?

இரண்டும் இல்லை தம்பி. தானாக விழும்வரை காத்திருப்பார்கள். நம் ஊரில் இலுப்பைக் கொட்டை பொறுக்குவதைப் பார்த்திருந்தால் உடனே புரியும்.

வேலை கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. மரத்தடியில் வளர்ந்த புல்லை வெட்டி, சருகையும் சுள்ளியையும் கூட்டி அள்ளி, தரையை வீட்டு வாசல் போல ஆக்கிவிட வேண்டும். ஒரு புதர் மிச்சமிருந்தாலும் விதை அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். சரிவைப் படிப்படியாக வெட்டி வைத்திருப்பதால் உருண்டு வரும் விதை அங்கங்கே நின்றுவிடுகிறது. இலையுதிர் காலத்தில் காய் மூன்றாக வெடிக்கும். உள்ளே கரும்பழுப்பாக, ஒரு பக்கம் தட்டையாக, கெட்டியான ஓட்டோடு சிறு விதைகள் இருக்கும்.

அப்புறம் குளிர்காலம் முழுக்கப் பொறுக்கல்தான். நானும் குனிந்துதான் பொறுக்கினேன். அரை நாளில் இடுப்பு விட்டுப்போனது. பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், குத்துக்காலிட்டபடியே நகர்ந்து நகர்ந்து இரண்டு கையாலும் பொறுக்கினார். உள்ளங்கையில் விதையை உருட்டி, கனம் இல்லாததை அப்படியே விட்டுவிடுவார். என் கூடையைக் கிளறிப் பார்த்து, பாதியைத் தூக்கி எறிந்தார். எல்லாம் சொத்தை. தலைக்கு மேலே இந்த ஆண்டுப் பூ பூத்திருக்கிறது, காலடியில் போன ஆண்டுப் பூவின் விதை கிடக்கிறது. சுபாகி இதழ் இதழாக உதிராது, முழுப் பூவாகத் ‘தொப்’பென்று விழும். அந்தச் சிவப்புப் பூக்களை ஒதுக்கி ஒதுக்கித்தான் விதையைத் தேட வேண்டும்.

எண்ணெயின் விலையைக் கேட்டு மலைப்பவர்களிடம் நான் இந்தத் தரையைத்தான் சொல்வேன். செக்கு வேலை அதில் சிறு பங்கு.

கேள்வி: எண்ணெய் எடுக்கும் முறை?

பழைய முறை எளிது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, கல்லும் சொத்தையும் நீக்கி, இடித்து, ஆவியில் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அழுத்திப் பிழிந்து வடிகட்டுவார்கள். காய்ந்த விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் எண்ணெய் கிடைக்கும். வெளிர் பொன்னிறமாக, அதிக வாசனை இல்லாமல் இருக்கும்.

கேள்வி: தேங்காயெண்ணெய் மாதிரி தலை நிறைய வைக்கலாமா?

வேண்டாம், பிசுபிசுவென்று ஆகிவிடும். ஈரத் தலையில் இரண்டு மூன்று சொட்டு போதும். இதில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், அதனால் ஜப்பான் குளிரிலும் தேங்காயெண்ணெய் போல உறையாது, காற்றில் காய்ந்து பசையாகவும் ஆகாது. மரச் சீப்புக்கும் தச்சரின் இழைப்புளி அலகுக்கும் இதையே தடவுவது அதனால்தான்.

கேள்வி: சமையலுக்கு?

தாராளமாக. பக்கத்துத் தீவான ஓஷிமாவில் இதில் டெம்புரா, அதாவது மாவில் தோய்த்த மீன், காய்கறி பொரிக்கிறார்கள். நாகசாகி பக்கம் கோத்தோ தீவுகளில், கையால் இழுத்து நீட்டும் உடோன் நூடுல்ஸ் காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இதைத்தான் பூசுகிறார்கள்.

கேள்வி: நீலகிரித் தேயிலை விதையிலும் எண்ணெய் வருமா? புண்ணாக்கை மாட்டுக்குப் போடலாமா?

வரும், தேயிலையும் காமெலியா இனம்தான். ஆனால் கொழுந்துக்காகக் கவாத்து செய்யும் செடியில் விதை அதிகம் கிடைக்காது. புண்ணாக்கை மட்டும் மாட்டுக்குப் போடாதீர்கள்! அதில் சபோனின் இருக்கிறது, சீயக்காயில் நுரை வருகிறதே, அதே வகைப் பொருள். மீனுக்கு அது விஷம். இறாலுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை என்பதால், நம் கடலோரப் பண்ணைகளில் குட்டையில் புகுந்த மீனைக் கொல்ல ‘டீ சீட் கேக்’ போடுகிறார்களே, அதுவும் காமெலியா வகைப் புண்ணாக்குதான்.

கேள்வி: எப்போது போகலாம்?

ஜனவரி, பிப்ரவரியில் பூவையும் பார்க்கலாம், பொறுக்கலையும் பார்க்கலாம். டோக்கியோவின் தகேஷிபா துறையில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் தீவு. ஆனால் குளிர்கால அலையில் கப்பல் கரை அணைய முடியாமல் போவது சகஜம். முதல் தடவை எனக்கும் அதுதான் நடந்தது. மரங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை போய், இறங்காமலே அடுத்த தீவுக்குப் போய்விட்டேன். கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.