மாயைக்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

கேள்வி: வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன். தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 310 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். வானாய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மகனைப் பறிகொடுத்தபின், காலம் என்பது என்ன, மரணம் மெய்யா மாயையா என்று தேடுவதுதான் கதை. இயற்பியல் பேராசிரியராக இருந்த நண்பர் அறிவியல் தவறு என்கிறார். சைவ சித்தாந்தம் பயின்ற நண்பர் தத்துவம் தவறு என்கிறார். என் மனைவி இரண்டையும் புரட்டித் தள்ளிவிட்டுக் கதையை மட்டும் படித்தாராம். புத்தகக் காட்சியில் அறிமுகமான பதிப்பு ஆலோசகர் ஒருவர், 85,000 ரூபாய் கொடுத்தால் அறிவியலைச் சரிபார்த்து, ஐ.எஸ்.பி.என். எனும் சர்வதேச நூல் எண், காப்புரிமை, அரசு நூலகங்கள் நூலை வாங்குவதற்கான நூலக ஆணை எல்லாம் வாங்கித் தருவதாகச் சொன்னார். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அறிவியலை எடுப்பதா, தத்துவத்தை எடுப்பதா?

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். மூவரில் உங்கள் மனைவி சொன்னதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் புரட்டித் தள்ளிய பக்கங்களில் என்ன இருந்தது என்று, நீங்கள் அனுப்பிய நான்காம் அத்தியாயத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது. அதில் தந்தை 11 பக்கம் பேசுகிறார். எதிரே அமர்ந்திருக்கும் மைத்துனர் 'அப்படியா?', 'ஆச்சரியமாக இருக்கிறதே' என்று இரண்டு முறை வாயைத் திறக்கிறார். அந்தப் பேச்சின் முடிவில் கதையில் எதுவும் மாறவில்லை. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் அழவில்லை, காபிகூட ஆறவில்லை.

பேராசிரியர் காட்டியிருக்கும் பிழைகளில் ஒன்று சிறியது. ஒளியாண்டு என்பது தொலைவு, காலம் அன்று. ஒளி ஓராண்டில் கடக்கும் அந்தத் தொலைவு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இதை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மற்றொன்று பெரியது. 'பார்ப்பவர் இல்லாவிட்டால் பொருளே இல்லை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, ஆகவே உலகம் மாயை' என்று உங்கள் நாயகர் முழங்குகிறார். ஆண்டுக்குப் பத்துப் பிரதிகளாவது இந்த வாக்கியத்தோடு என் மேசைக்கு வருகின்றன. எலக்ட்ரான்களை இரண்டு பிளவுகள் வழியே ஒரு திரைக்கு அனுப்பும் இரட்டைப் பிளவுச் சோதனையில், எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியே போனது என்று கண்டறியும் கருவியை வைத்தால், திரையில் மாறிமாறி விழுந்துகொண்டிருந்த குறுக்கீட்டு வரிகள் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அறையில் ஓர் ஆளும் இல்லாமல் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும் அவை மறையும். அங்கே 'பார்ப்பது' என்பது அளப்பது. குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதைப் பலரும் துணைக்கு அழைப்பார்கள். அவர் ஈடுபாடு கொண்டிருந்தது மெய். 1926இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டை உபநிடதத்தைத் தொடாமலே எவரும் கற்றுக்கொள்ளலாம் என்பதும் மெய். நம் கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்காகச் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்து, அதன் பொருளைச் சொல்லித்தராமல் அனுப்பிவிடுகிறார்கள்; பொருளைப் பிறகு யூடியூபில் தேடிக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, குவாண்டம் என்ற ஒரு சொல்லுக்குத் துளிமம், குவையம் என்று ஆளுக்கொரு கலைச்சொல். நீங்கள் குவாண்டம் என்றே எழுதுங்கள், வாசகருக்குப் புரியும்.

சித்தாந்த நண்பரின் குறையை நான் இன்னும் கனமாக எடுத்துக்கொள்வேன். உங்கள் நாயகர் தேவாரம் ஓதும் வீட்டில் பிறந்தவர், மாலைதோறும் மகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுபவர். ஆனால் பேச ஆரம்பித்தால் கயிற்றில் தோன்றும் பாம்பை உவமை சொல்கிறார். அது, பிரம்மம் ஒன்றே மெய் என்னும் அத்வைதத்தின் உவமை. அங்கே மாயை உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லது என்றும் சொல்ல முடியாது. சைவ சித்தாந்தத்திலோ மாயை உள்பொருள், குடத்துக்கு மண் போல உலகுக்கு முதற்காரணம். உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருளையும் உயிருக்குத் தருவது அதுதான். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் என்ற இருளில் விடியும்வரை உதவும் விளக்கு என்று அதைச் சொல்வார்கள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இது பண்டிதச் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் துக்கமே இங்கு வேறாகிவிடுகிறது. ஒரு வழியில் போனால், மகனின் உடல் ஒரு தோற்றம், அழுவது அறியாமை. மற்ற வழியில், அந்த உடல் மெய்யாகவே தரப்பட்டு மெய்யாகவே எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. விளக்கேற்றும் அந்த மனிதர் எந்த வழியில் நிற்கிறார் என்பதை நீங்கள் தீர்மானிக்காமல் 310 பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

தமிழுக்கு இது புதிய சிக்கல் அன்று. மணிமேகலையில் வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதிவரை சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்லும் காதை ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டாடுவார்கள். மற்றவர்களுக்கு நினைவில் நிற்பது அமுதசுரபிதான்.

இனி உங்கள் பிரதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. மகன் சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தவன் என்று இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். சுவாதி ஏறத்தாழ 37 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. வைகாசி இரவு பத்து மணி வாக்கில் வில்லிவாக்கம் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், மேகம் இல்லாத நாளில் அது ஏறக்குறைய உச்சியில், ஆரஞ்சு நிறத்தில் தெரியும். மகன் இருந்திருந்தால் இந்த ஆண்டு அவனுக்கு 37 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போது நம் கண்ணில் படும் ஒளி அவன் பிறந்த வருஷம் அங்கிருந்து கிளம்பியது' என்று தந்தை ஒரே வரி சொல்லட்டும். தாய் சற்றுநேரம் கழித்து, 'அப்ப அங்கேருந்து யாராவது பார்த்தா, நம்ம புள்ள இப்பதான் பொறக்கிறானா?' என்று கேட்கட்டும். அறிவியல் இம்மியும் பிசகவில்லை. காலத்தைப் பற்றிய கேள்வியும் முழுதாக வந்துவிட்டது. அவர் என்ன பதில் சொல்வார் என்பதில் உங்கள் நாவல் இருக்கிறது. அந்த 11 பக்கத்தை எடுத்துவிடலாம்.

அப்படியானால் கதையில் நீண்ட விளக்கமே கூடாதா என்று கேட்பீர்கள். ஒரே ஓர் இடத்தில் கூடும்: விளக்கத்தின் முடிவைப் பொறுத்து ஒருவர் ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது. பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகாத கதை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அண்மைச் சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது, வாக்கியம் 2026 மார்ச் 6 என்றது. கிரகத்தோடு நில்லாமல் திதியும் சில மணி நேரம் முன்பின்னாகும். இப்போது மகனின் முதலாண்டுத் திதி வருகிறது. குடும்பப் புரோகிதர் வாக்கியப்படி ஒரு நாள் சொல்கிறார். வானாய்வகக் கணக்கில் அது மறுநாள். எந்த நாளில் இலை போடுவது என்று மனைவி கேட்கிறார். சந்திரன் ஏன் சீரான வேகத்தில் நகர்வதில்லை என்று அந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதினாலும் படிப்பார்கள், ஏனென்றால் இலையில் யாருக்குச் சோறு போகிறது என்பது அதைப் பொறுத்திருக்கிறது. சென்னைக்கே உரிய சரடும் இதில் உண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தில் பின்னாளில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தை நேரடிக் கணிப்பால் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் பற்றி உரையாடல் வடிவிலேயே நூல் எழுதியவர். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் தமிழ்க் கல்வெட்டோடு நிற்கிறது. உங்கள் நாயகரை ஒரு முறை அங்கே அழைத்துப்போங்கள்.

ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய முகமைக்கு எழுத்தாளரே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அவர் காப்புரிமை என்று சொல்வது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். நூலக ஆணையை எவராலும் 'வாங்கித் தர' முடியாது. எந்த ஆண்டு வரும், எத்தனை பிரதி, பணம் எப்போது என்று காலங்காலமாகத் தொழிலில் இருப்பவர்களே கைபிசைந்து நிற்கும் ஏற்பாடு அது. அந்த மங்கலான வெளிச்சத்தில்தான் இத்தகைய இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். அறிவியலைச் 'சரிபார்ப்பவர்' யார் என்று கேட்டுப் பாருங்கள், பெயர் வராது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பேராசிரியர் இருக்கிறார், ஒரு சித்தாந்தி இருக்கிறார், சலிப்பை மறைக்காத மனைவி இருக்கிறார்; இதைவிடச் சிறந்த ஆசிரியர் குழு புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் மைதானம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பணம் பெற்ற தேதியையும் எதற்காகப் பெற்றார் என்பதையும் கேட்டு இன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவர் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள், கணினிக் கோப்பையும் அனுப்பாதீர்கள்.