கெனோஷா துப்பாக்கிச் சூடு: தற்காப்பா, கொலையா? (கேள்வி பதில்)

கைல் ரிட்டன்ஹவுஸ் வழக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வழக்கை அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம்: 2020 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கெனோஷா நகரில், ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் சுட்டதை அடுத்துப் போராட்டமும் தீவைப்பும் மூண்டன. 25ஆம் தேதி இரவு, கடைகளுக்குக் காவலாக வந்ததாகக் கூறிய 17 வயது ரிட்டன்ஹவுஸ் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியால் சுட்டதில் ஜோசப் ரோசன்பாம், ஆன்டனி ஹூபர் ஆகிய இருவர் இறந்தனர். கேஜ் கிராஸ்க்ராய்ட்ஸ் என்பவர் கையில் குண்டு பாய்ந்து பிழைத்தார். 2021 நவம்பர் 19 அன்று ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ரிட்டன்ஹவுஸை விடுவித்தது.

வாசகர் ஒருவர்: சுட்டதை அவரே ஒப்புக்கொண்டார், காணொளியும் இருக்கிறது. அப்படியிருந்தும் எப்படி விடுதலை?

சுட்டது யார் என்பதில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. சுட்ட அந்தக் கணத்தில் தன் உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து என்று அவர் நம்பியது நியாயமானதா என்பது மட்டுமே விசாரணைக்கு உரியதாக இருந்தது. விஸ்கான்சின் சட்டப்படி, தற்காப்பு என்ற வாதத்துக்கு ஓரளவு சான்று கிடைத்துவிட்டாலே போதும். அதன் பிறகு அது தற்காப்பு அல்ல என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பின் தலையில் விழுந்துவிடும். இந்தியாவில் நிலைமை வேறு: தற்காப்பைக் கோருபவரே, அப்படி நடந்திருக்கக்கூடும் என்ற அளவுக்காவது அதைக் காட்டியாக வேண்டும். நம் ஊர்ச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சட்டக் கல்லூரி மாணவி: ரோசன்பாம் வெறுங்கையோடு இருந்தார். அவரைச் சுட்டது எப்படித் தற்காப்பாகும்?

நான் ஜூரியில் அமர்ந்திருந்தால் அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய கேள்வி இது. பழைய கார்கள் விற்கும் இடத்துக்குள் ரிட்டன்ஹவுஸ் ஓடுகிறார், ரோசன்பாம் துரத்துகிறார், கையிலிருந்த பிளாஸ்டிக் பையை வீசுகிறார், பின்னால் வேறொருவர் வானத்தை நோக்கிச் சுடும் ஓசை கேட்கிறது. ரிட்டன்ஹவுஸ் திரும்புகிறார், ஒரு நொடிக்குள் நான்கு குண்டுகள் பாய்கின்றன. அருகில் நின்று படம்பிடித்துக்கொண்டிருந்த செய்தியாளர், ரோசன்பாம் துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்ததாகச் சாட்சியம் சொன்னார். ரோசன்பாமின் கை துப்பாக்கிக் குழலுக்கு மிக அருகில் இருந்தது என்பதை உடற்கூறு மருத்துவரின் சாட்சியமும் காட்டியது. துப்பாக்கி பிடுங்கப்பட்டால் அதே துப்பாக்கியால் தான் சுடப்படுவோம் என்று ரிட்டன்ஹவுஸ் அஞ்சியதாக அவருக்காக வாதாடிய எதிர்த்தரப்பு வாதிட்டது. அரசுத் தரப்போ, முதல் குண்டிலேயே நிலைகுலைந்துவிட்டவர் மீது மேலும் மூன்று குண்டுகள் எதற்கு என்று கேட்டது. நான்கையும் நான்கு தனித்தனி முடிவுகளாகப் பார்ப்பதா, ஒரே அச்சத்தின் ஒரே விளைவாகப் பார்ப்பதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அந்த நான்கும் விழுந்த வேகம் எதிர்த்தரப்புக்குத்தான் உதவியது என்பது என் எண்ணம்.

மற்ற இருவர் விஷயத்தில் அரசுத் தரப்பின் பிடி இன்னும் தளர்ந்திருந்தது. காவல்துறையினர் நின்ற திசையில் ஓடிய ரிட்டன்ஹவுஸ் தடுக்கி விழுந்த பிறகு, ஹூபர் ஸ்கேட்போர்டால் அடித்துத் துப்பாக்கியைப் பற்றினார். மார்பில் ஒரு குண்டு. கிராஸ்க்ராய்ட்ஸ் கையில் கைத்துப்பாக்கி இருந்தது. அவர் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியவர். நீங்கள் துப்பாக்கியை ரிட்டன்ஹவுஸ் பக்கம் நீட்டியபடி முன்னேறிய பிறகுதானே அவர் சுட்டார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அவர் தொடர்பான குற்றச்சாட்டு அந்த ஒற்றைச் சொல்லோடு ஏறத்தாழ முடிந்துபோனது. ஹூபரும் கிராஸ்க்ராய்ட்ஸும் தாங்கள் ஒரு கொலையாளியை மடக்குவதாக நம்பியிருக்கலாம். ஆனால் தற்காப்புச் சட்டம் அளப்பது சுடப்பட்டவரின் நோக்கத்தை அல்ல, சுட்டவரின் அச்சத்தை.

அதே மாணவி: கலவரம் நடக்கும் ஊருக்குத் துப்பாக்கியோடு போனதே வலியச் சண்டைக்குப் போவது ஆகாதா?

விஸ்கான்சின் சட்டத்திலேயே இதற்குத் தனிப் பிரிவு உண்டு. சட்டவிரோதமான செயலால் பிறரைச் சீண்டித் தாக்கத் தூண்டியவர், தப்பிக்கும் நியாயமான வழிகள் அத்தனையையும் முயன்று பார்க்காமல் உயிர்போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்த முடியாது. பிறரைத் தாக்குவதற்குச் சாக்குத் தேடியே சீண்டியிருந்தால் தற்காப்புரிமையே போய்விடும். ரிட்டன்ஹவுஸ் துப்பாக்கியைப் பிறர்மீது குறிவைத்ததால்தான் துரத்தல் தொடங்கியது என்று அரசு வழக்கறிஞர் தாமஸ் பிங்கர், டிரோன் எடுத்த காணொளியைக் காட்டி வாதிட்டார். நீதிபதி புரூஸ் ஷ்ரோடர் அந்தப் பிரிவையும் ஜூரிக்கு விளக்கினார். ஆனால் அந்தக் காட்சி மங்கலானது. உருவங்கள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. அதை வைத்து சந்தேகத்துக்கு இடமின்றி என்று சொல்வது கடினம். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தது மட்டுமே சீண்டலாகாது, ஏனெனில் அந்த மாநிலத்தில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவது பொதுவாகச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே. பொதுமக்கள் அந்த இரவு முழுவதையும் விசாரித்தார்கள்; ஜூரி சில நொடிகளை மட்டுமே விசாரித்தது. அவர் அங்கே போனது அறிவீனம் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் குற்றப்பத்திரிகையில் அது இல்லை.

இன்னொரு வாசகர்: 17 வயதுப் பையன் துப்பாக்கி வைத்திருந்ததாவது குற்றமில்லையா?

அந்தக் குற்றச்சாட்டும் இருந்தது. வழக்கு ஜூரியிடம் போவதற்கு முன்பே நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடை நீண்ட குழல் துப்பாக்கிகளுக்குப் பொருந்தாத வகையில் சட்டம் சிக்கலாக எழுதப்பட்டிருந்தது. குழல் சட்ட அளவைவிடக் குட்டையானது அல்ல என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. சட்டசபை வைத்த ஓட்டை அது. அவர் துப்பாக்கியைத் தான் வசித்த பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்து எல்லை தாண்டி எடுத்துவந்தார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது கெனோஷாவிலேயே வைக்கப்பட்டிருந்தது என்பது சாட்சியங்களில் வெளிப்பட்டது.

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்: இறந்தவர்களைப் "பாதிக்கப்பட்டவர்கள்" என்று சொல்லக்கூடாது என்றாராமே நீதிபதி?

ஆம். குற்றம் நடந்ததா என்பதே முடிவாகாத நிலையில் அச்சொல் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது அவர் நீதிமன்றத்தில் நெடுநாள் வழக்கம். அதில் தர்க்கம் உண்டு. ஆனால், சான்று இருந்தால் அவர்களைக் கலவரக்காரர்கள் என்று எதிர்த்தரப்பு தொகுப்புரையில் அழைக்கலாம் என்றும் அவரே அனுமதித்தார். ஒரு பக்கச் சொல்லை மட்டும் அடைத்ததாகப் பலர் வருந்தியதில் வியப்பில்லை. விவாதத்துக்கு உள்ளான இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. விசாரணையைக் கேட்ட 18 பேரில் இறுதி 12 பேர் யார் என்பதற்கான எண் சீட்டுகளைக் குலுக்கல் உருளையிலிருந்து எடுத்தது குற்றம் சாட்டப்பட்ட ரிட்டன்ஹவுஸின் கைதான்.

வாசகி ஒருவர்: அவர் கறுப்பினத்தவராக இருந்திருந்தால் இதே தீர்ப்பு வந்திருக்குமா?

சுட்டவர், சுடப்பட்ட மூவர், எல்லோருமே வெள்ளையர்கள். அப்படியிருந்தும் உங்கள் கேள்வி நியாயமானதே: துப்பாக்கியைத் தொங்கவிட்டபடி கைகளை உயர்த்திக்கொண்டு வந்தவரைக் காவல் வாகனங்கள் கைது செய்யாமல் கடந்து சென்ற காட்சியைப் பார்த்த எவருக்கும் இது தோன்றும். அந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியது காவல்துறை. ஜூரியிடம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

கடைசிக் கேள்வி: மேல்முறையீடு உண்டா?

குற்ற வழக்கில் இல்லை. ஜூரி விடுவித்தவரை அதே குற்றத்துக்கு மறுபடியும் விசாரிக்க அமெரிக்க அரசியலமைப்பு இடம் தராது. இழப்பீட்டு வழக்குக்குத் தடையில்லை. ஹூபரின் தந்தை தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்ய 2023 பிப்ரவரியில் மத்திய நீதிபதி லின் அடெல்மன் மறுத்துவிட்டார். அத்தகைய வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும்.