சொதியைப் பற்றி இரண்டு நிமிடம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். நர்சிங் முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போகலாம் என்று ஐயெல்ட்ஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போகிறேன். வாசிப்பது, கேட்பது எல்லாம் சமாளித்துவிடுவேன். பேச்சுத் தேர்வுதான் பயமாக இருக்கிறது. பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு வைத்தபோது உணவைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களே எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் பண்ணிப் போயிருந்தேன். ‘சவுத் இண்டியன் குசின் இஸ் மவுத் வாட்டரிங் அண்ட் நியூட்ரிஷியஸ்’ என்று ஆரம்பித்து இரண்டு வரி சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் என் வாயை மூட முடியாது என்பாள் அம்மா. இங்கிலீஷில் மட்டும் ஏன் இப்படி? பீட்சா, பாஸ்தா என்று அவர்களுக்குத் தெரிந்த சாப்பாட்டைச் சொன்னால் மார்க் கூடக் கிடைக்குமா? மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கிற ஓஇடி என்ற இங்கிலீஷ் தேர்வை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறாள் தோழி. அது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பீட்சாவை முடித்துவிடுவோம். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு அங்கே மார்க் கிடையாது. தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கைத்தான் பார்க்கிறார்கள். நான்குக்கும் சம பங்கு. அப்படியிருக்க, பீட்சாவைப் பற்றிப் பேச உங்களிடம் என்ன இருக்கிறது? யாருடைய பிறந்தநாளுக்கோ வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் சாப்பிட்டிருப்பீர்கள். மூன்றாவது வாக்கியத்துக்குச் சரக்கு தீர்ந்துவிடும்.

பயிற்சி மையம் கொடுத்த பதிலிலும் அதே கோளாறுதான். அந்த வரியை மதுரைக்காரரும் சொல்லலாம், மைசூர்க்காரரும் சொல்லலாம். உங்கள் வீட்டு அடுப்படி அதில் எங்கேயும் இல்லை. மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியே உண்டு. சந்தேகம் வந்தால் கேள்வியைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், அதோடு மனப்பாடம் பண்ணியவர் பாடு திண்டாட்டம்தான்.

வீட்டில் நீங்கள் ‘தென்னிந்திய உணவு’ பற்றியா பேசுகிறீர்கள்? ‘இன்னைக்கு சொதி திரிஞ்சு போச்சு, நீ அடுப்பைப் பாக்காம போன்ல பேசிட்டு இருந்தே’ என்றுதானே நம் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்? தேர்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் உணவுத்துறை அமைச்சர் மாதிரி அறிக்கை விடப் பார்க்கிறீர்கள். வாய் அடைப்பது அதனால்தான். இங்கிலீஷ் மேல் பழி போட வேண்டாம்.

தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதில் முதல் நான்கைந்து நிமிடம் சின்னச் சின்னக் கேள்விகள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், சமைக்கப் பிடிக்குமா, இந்த அளவில்தான் இருக்கும். இரண்டு மூன்று வாக்கியம் போதும். நம்மாட்கள் இடறுவது ‘ஐ ஆம் ஈட்டிங் இட்லி எவ்ரிடே’ என்பதில். தினமும் நடப்பதற்கு ‘ஐ ஈட்’ போதும். சின்ன வயதில் செய்து இப்போது விட்டுப்போனதற்கு ‘ஐ யூஸ்ட் டு’. இதைச் சரிசெய்தாலே பாதிப் பிழை குறையும். உதாரணத்துக்கு, ‘ஐ யூஸுவலி ஹேவ் இட்லி, பட் ஆஃப்டர் எ நைட் ஷிஃப்ட் ஐ ஜஸ்ட் டிரிங்க் கருப்பட்டி காபி அண்ட் கோ டு பெட்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பேசுவது ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு நர்ஸ் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கருப்பட்டி என்றே சொல்லுங்கள். பதநீரைக் காய்ச்சி எடுப்பது என்று பின்னாலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டாவது பகுதிதான் உங்களை மிரட்டுவது. ஒரு அட்டை கொடுப்பார்கள். ‘உங்களால் மறக்க முடியாத ஒரு விருந்து’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள், ஏன் மறக்க முடியவில்லை என்று கீழே குறிப்புகள் இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், எழுதிக்கொள்ளத் தாளும் பென்சிலும் உண்டு. பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும்.

நானாக இருந்தால் சொதியை எடுப்பேன். ஊர்ப் பெருமைக்காக இல்லை. அதில் வேலை இருக்கிறது, பக்குவம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு அது. நம் பக்கத்துச் சைவ வீடுகளில் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும் சேரும். மிளகாய்ப்பொடி கிடையாது, இஞ்சியும் பச்சை மிளகாயும்தான் காரம். கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான் பிழிவது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சி மருந்து என்று பந்தியில் ஒரு பெரியவராவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

இதை இங்கிலீஷில் சொல்ல என்ன வேண்டும்? கிரேட், கிரைண்ட், ஸ்க்வீஸ், சிம்மர், கர்டில். ஐந்து வினைச்சொல். தேர்வாளர் தேடுகிற சொல்வளம் இங்கேதான் இருக்கிறது, ‘மவுத் வாட்டரிங்’கில் இல்லை. ‘இஃப் இட் பாய்ல்ஸ், இட் கர்டில்ஸ்’ என்று சொன்னால் நிபந்தனை வாக்கியம் தானாக வந்துவிடும். ‘த ஃபர்ஸ்ட் மில்க் இஸ் கெப்ட் அசைட்’ என்றால் செயப்பாட்டு வினையும் வந்தாயிற்று. இலக்கணத்தைக் காட்ட வேண்டும் என்று தனியாக மெனக்கெடாமலே அது நடந்துவிடுகிறது.

ஆனால் சமையல் குறிப்போடு நிறுத்திவிடாதீர்கள். அட்டையில் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி இருக்கிறதே. பக்குவத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு ஆட்களிடம் வந்துவிடுங்கள். அடுப்புக்குக் காவல் நின்ற பெரியம்மா யாரை விரட்டினார்கள், மாப்பிள்ளை மூன்றாவது தடவையும் இலையை மறைக்கத் தெரியாமல் எப்படி முழித்தார், அதைச் சொல்லும்போது இறந்த காலம் வரிசையாக வரும், குரலும் தானாக ஏறி இறங்கும். தாளில் முழு வாக்கியம் எழுத வேண்டாம். ‘மறுநாள், பெரியம்மா, முதல் பால், மாப்பிள்ளை முழி’, இவ்வளவு போதும். அந்தத் தாளுக்கு மார்க் கிடையாது, தமிழிலேயே கிறுக்கினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. முருங்கைக்காயை ‘டிரம்ஸ்டிக்’ என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்துக்காரருக்கு அது கோழிக்கால். சைவ விருந்தில் கோழிக்கால் எப்படி வந்தது என்று அவர் குழம்பிவிடுவார். ‘எ லாங் கிரீன் பாட்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

அல்வாவைப் பற்றிப் பேசலாமா என்பீர்கள். திருநெல்வேலி என்று சொன்னால் கேட்டாலும் கேட்பார்கள். ‘தாமிரபரணித் தண்ணிதான் காரணம்’ என்று ஊரில் எல்லாரும் சொல்வதைச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்றது, வாழையிலைத் துண்டில் சூட்டோடு வாங்கியது, நெய் விரலில் ஒட்டியது என்று போனால் பேச்சு நீளும்.

மூன்றாவது பகுதியில் கேள்வி உங்களை விட்டு ஊருக்குப் போகும். மக்கள் முன்பைவிட வெளியில் அதிகம் சாப்பிடுவது ஏன், பழைய உணவுகள் அழிகின்றனவா என்று கேட்பார்கள். இங்கேதான் மறுபடியும் அமைச்சர் வந்து உட்காருவார், விடாதீர்கள். தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பாட்டி வீட்டில் எப்போது செய்தார்கள், இப்போது உங்கள் வீட்டில் ஏன் செய்வதில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறார்கள், திரும்பும் வழியில் பரோட்டாக் கடை இருக்கிறது. காரணம் வந்துவிட்டது. அதற்கு மாற்றுக் கருத்து ஒன்றும் சொல்லிவிட்டால் சரி.

உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லண்டன் ராகம் தேவையில்லை. உங்கள் தமிழ் வாடை அடிப்பது குற்றமில்லை, புரிய வேண்டும், அவ்வளவுதான். நம்மூர்க்காரர்களுக்கு ஒரே வியாதி வேகம். சரளம் என்றால் வேகம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இனி ஓஇடி. உங்கள் தோழி சொல்வது பாதி சரி. அங்கே விருந்து அட்டை வராது. மருத்துவச் சூழலில் இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிப்பார். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் பேச்சுக்கு ஐயெல்ட்ஸில் 7 கேட்கிறது, ஓஇடியில் பி கிரேடு, அதாவது 350. ஆனால் சாப்பாடு அங்கேயும் வரலாம். புதிதாகச் சர்க்கரை வந்தவர், மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ‘சோற்றைக் குறையுங்கள்’ என்றால் மார்க் போகும். என்ன சாப்பிடுகிறார், எதை விடமுடியாது என்கிறார் என்று கேட்டு வாங்கி, அதற்குப் பிறகு ஆலோசனை சொல்ல வேண்டும். வார்டில் நீங்கள் தினமும் தமிழில் செய்கிற வேலைதான். இரண்டு தேர்வுக்கும் மாதிரிக் கேள்விகள் அவர்களுடைய தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்துப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எதில் வாய் திறக்கிறதோ அதற்குப் பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி