அந்த 75 யார் போட்ட மார்க்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' கேமில் டிராஃப்டின் முதல் ரவுண்டிலேயே பொட்டன்ஷியல் 75 உள்ள 18 வயது பிட்சரை எடுத்தேன். இரண்டே சீசனில் அது 45 ஆகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?" (கம்ப்யூட்டரில் ஒரு பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கேம் இது. டிராஃப்ட் என்றால் புது வீரர்களை அணிகள் ரவுண்டு ரவுண்டாகத் தேர்ந்தெடுப்பது; பொட்டன்ஷியல் என்றால் வீரர் பிற்காலத்தில் எட்டக்கூடிய திறமை; பிட்சர் என்றால் பந்து எறிபவர்.)

அந்த 75-ஐப் பையன் வாங்கிய மார்க் என்று நினைத்ததுதான் தப்பு. அது உங்கள் ஸ்கவுட்டின், அதாவது வீரர்களை எடைபோட அணி வைத்திருக்கும் ஆளின், கணிப்பு. செங்கல்பட்டுப் பக்கம் மனை விற்பவர் "மெட்ரோ வரப்போகுது சார்" என்று சொல்லும் விலை மாதிரி. வரலாம். அதற்காக இன்றைக்கே மெட்ரோ விலை கொடுப்போமா?

வீரரின் பக்கத்தில் ஸ்கவுட்டிங் துல்லியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், கேமிலேயே உள்ள பொது ஸ்கவுட்டிங் அமைப்பான ஓ.எஸ்.ஏ. அதே பையனுக்கு என்ன போட்டிருக்கிறது? உங்கள் ஆள் 75, அவர்கள் 50 என்றால் முதல் ரவுண்டில் நான் தொடவே மாட்டேன். உங்கள் ஸ்கவுட் 'டூல்ஸ்', அதாவது இயல்பான உடல்திறன், பக்கம் சாய்கிறவரா என்றும் பாருங்கள். அப்படிப்பட்டவருக்கு இன்றைய ஆட்டத்தைவிட நாளைய கனவு பெரிது.

பிட்சர் என்றால் மொத்த எண்ணை மறந்துவிட்டு உள்ளே போங்கள். கன்ட்ரோல் (பந்தைக் குறி பார்த்து எறிவது) இன்றைக்கு 25, பொட்டன்ஷியல் 60 என்றிருந்தால் நடுவில் 35 புள்ளி வெறும் நம்பிக்கை. பந்து வகைகளில் ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் நன்றாக இருந்து சேஞ்சப் 20-லேயே நின்றுவிட்டால், ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) எடுத்தவர் ரிலீவராகத்தான் (நடுவில் வந்து எறிபவர்) முடிவார். கை காயம் வேறு இருக்கிறது. ஸ்கவுட் சரியாகச் சொல்லியிருந்தாலும், திறமை ஏறி இறங்குவதில் கேம் கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் கலந்து வைத்திருக்கிறது.

நிஜத்திலும் இதே கதைதான். 1991-இல் அமெரிக்க டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பள்ளிப் பிட்சர் பிரையன் டெய்லர், தோள் காயத்துக்குப் பிறகு அங்கே உச்சப் போட்டியான மேஜர் லீக் பக்கமே வரவில்லை. 1988-இல் 62-வது ரவுண்டில் எடுக்கப்பட்ட மைக் பியாஸா, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். (இப்போது டிராஃப்டே 20 ரவுண்டுதான்.)

என் பழக்கம், முதல் ரவுண்டில் 21 வயது கல்லூரி பேட்ஸ்மேன். இன்றைய காண்டாக்ட்டும் (பந்தை மட்டையில் வாங்கும் திறமை) அதன் பொட்டன்ஷியலும் நெருங்கி இருக்க வேண்டும், உழைப்பு குணம் நன்றாக இருக்க வேண்டும். பள்ளிப் பிட்சர்களை ஐந்தாவது ரவுண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கையில் இருக்கும் பையனை அவசரப்பட்டு ரிலீஸ் செய்யாதீர்கள். வயது 20தான். இரண்டு வகைப் பந்து உருப்படியாக இருந்தால் புல்பென்னில், அதாவது ரிலீவர்கள் கூட்டத்தில், போட்டுப் பாருங்கள்.